செஞ்சி வட்டாரத்தின் ஜமாபந்தி: ஒரு கண்காணிப்பு முறையின் வரலாறு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து எழுப்பப்பட்ட செஞ்சிக் கோட்டை அதன் முற்றுகைகளுக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அம்மதில்களுக்குள் குடியிருந்த படையும் பரிவாரமும் குதிரை லாயமும் நெற்களஞ்சியமும், பாக்கமலைச் சரிவிலிருந்து இறங்கும் சங்கராபரணி ஆற்றையும், அதன் இருபுறமும் பரந்து கிடக்கும் ஏரிகளையும், அவற்றை நம்பிய நஞ்சை நிலங்களையும், மழையை மட்டுமே நம்பிய மானாவாரிப் புஞ்சைகளையும் கொண்டே நிலைபெற்றன. இவ்வட்டாரத்தில் ஆட்சி பலமுறை கைமாறியபோதும், இவ்வாண்டு என்ன விளைந்தது, எது விளையாமற்போனது, அந்த இழப்பை யார் தாங்குவது என்னும் மூன்று கேள்விகள் ஒவ்வோர் ஆட்சியின் முன்னும் மீண்டும் எழுந்தன. இக்கேள்விகளுக்கு ஆண்டுதோறும் விடை காண முயன்ற ஏற்பாடுகளில் நெடுங்காலம் நீடித்தது ஜமாபந்தி. பசலி எனப்படும் வருவாய் ஆண்டின் முடிவில் ஊர்க்கணக்குகளை வட்டத் தலைமையிடத்தில் வரவழைத்துச் சரிபார்த்து, குடிகளின் வரிப்பொறுப்பை முடிவுசெய்யும் நடைமுறை அது. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியையும் இடரையும் மேற்பார்வையிடும் அமைப்பு எப்போது பயன்பட்டது, எப்போது வெறும் வசூல் கருவியாகச் சுருங்கியது என்பதை இந்நடைமுறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஏரியும் களமும்

தொண்டை மண்டலத்தில் நீரையும் கணக்கையும் சேர்த்துக் கண்காணிக்கும் வழக்கம் கோட்டையைவிடப் பழமையானது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலான குழுக்கள் குடவோலை முறையில் ஆண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பதிவுசெய்கின்றன. முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர் என்னும் விதியும் அவற்றில் உண்டு. அச்சபை நிலவுடைமையும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் அதனை எல்லோருக்கும் பொதுவான மக்களாட்சியாகக் கொள்வது பொருந்தாது. எனினும் நீர்நிலையைப் பேணியவரே அதன் கணக்குக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

விஜயநகரப் பேரரசின் கீழும் பின்னர்த் தனித்தும் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் காலத்தில் இவ்வட்டாரம் செழித்த நகரப் பொருளாதாரமாக வளர்ந்திருந்தது. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெந்தா, லிஸ்பனை விலக்கிவிட்டால் போர்த்துகலில் இதற்கு ஈடான பெருநகர் இல்லை என்னும் கருத்தில் எழுதினார். அந்நகரின் உணவுக்கு அடிப்படை வாரமுறை, அதாவது விளைச்சலை அரசுக்கும் உழவருக்கும் இடையே பங்கிடும் முறை. அரசின் பங்கு மேல்வாரம், உழவர் பங்கு குடிவாரம் எனப்பட்டது. மழை பொய்த்துக் களத்தில் அம்பாரம் சிறுத்தால் இரு பங்குகளும் சேர்ந்தே சிறுத்தன. ஆகவே அரசு தன் வருவாயைக் காக்க வேண்டுமாயின் களத்துமேட்டில் ஆளை நிறுத்தி விளைச்சலை நேரில் பார்த்தே தீர வேண்டியிருந்தது. இதில் முறைகேடும் கையாடலும் இல்லாமலில்லை. ஆயினும் இடர் இருதரப்புக்கும் பொதுவாக இருந்தமையால், ஏரிக்கரையைப் பேணுவதும் மதகைச் செப்பனிடுவதும் ஆள்வோரின் சொந்த நலனாகவும் இருந்தன. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பெரிய நெற்களஞ்சியங்கள் முற்றுகைக் காலத்துக்கான முன்னேற்பாடு என்பதோடு, விளைபொருளாகவே வருவாய் வந்து சேர்ந்த ஒரு பொருளாதாரத்தின் சான்றுகளாகவும் விளங்குகின்றன.

குத்தகையும் நிலுவையும்

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர்ப் படைகள் செஞ்சியைக் கைப்பற்றியதிலிருந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் இவ்வட்டாரம் மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிக்கொண்டே இருந்தது. 1677-இல் சிவாஜி கோட்டையைப் பிடித்து அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கு தஞ்சமடைந்திருந்தபோது 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை, சுல்பிகார் கான் 1698-இல் கோட்டையைப் பிடிக்கும்வரை நீண்டது. எட்டாண்டுக் காலம் பெரும்படை ஒன்று சுற்றிலும் முகாமிட்டிருந்த நிலப்பரப்பில் பயிரும் கால்நடையும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்க்கால ஆட்சியாளருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது ரொக்கம். களத்தில் நின்று விளைச்சலைப் பங்கிடக் காலமும் ஆளும் இல்லாத நிலையில், ஒரு நிலப்பகுதியின் வருவாயை முன்பணமாகவோ ஒப்பந்தத் தொகையாகவோ பெற்றுக்கொண்டு, வசூல் உரிமையைத் தனியாரிடம் ஒப்படைக்கும் குத்தகை முறை பரவியது. இம்முறையில் மேலிடம் தொகையை மட்டுமே கேட்டது; அத்தொகை எந்த வயலிலிருந்து, எந்த விளைச்சலிலிருந்து, எவ்வளவு நெருக்கடியோடு வந்தது என்பது மேலிடத்தின் கண்ணுக்கு எட்டாமற்போயிற்று. குறுகிய காலக் குத்தகைதாரருக்கு அடுத்த பத்தாண்டுகளில் ஏரி தூர்ந்துபோவதைப் பற்றிக் கவலைப்படக் காரணமும் இல்லை.

தேசிங்குராஜன் என மக்கள் பாடும் தேஜ்சிங்கின் கதைக்குள்ளும் இந்த வருவாய்ச் சிக்கல் பொதிந்திருக்கிறது. ஔரங்கசீப்பால் செஞ்சியின் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்ட புந்தேல ராஜபுத்திரர் சரூப்சிங் 1714-இல் இறந்தபின், அவருடைய மகன் தேசிங்கு கோட்டைப் பொறுப்பை ஏற்றார். செலுத்தப்படாமல் சேர்ந்திருந்த வருவாய் நிலுவையை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கோரியதும், தேசிங்கின் உரிமையை ஏற்க மறுத்ததும் அதே ஆண்டு நடந்த போருக்கும் தேசிங்கின் மறைவுக்கும் இட்டுச்சென்றன. நாட்டுப்புறக் கதைப்பாடல் வீரத்தையும் நட்பையும் நினைவில் நிறுத்தியது. அரசியல் வரலாற்றில் அது, கணக்குத் தீராமல் வளர்ந்த நிலுவை படையெடுப்பாக முடிந்த நிகழ்வாகவும் நிற்கிறது. 1750-இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படையும், 1761-இல் ஆங்கிலப் படையும் கோட்டையைக் கைப்பற்றியபின் செஞ்சியின் அரசியல் முதன்மை மங்கியது. 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, செஞ்சி தென் ஆர்க்காட்டு மாவட்டத்தின் ஓர் உள்நாட்டு ஊராக மாறியிருந்தது.

ரயத்துவாரியும் ஆண்டுத் தீர்வும்

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் 1808-இல் மூன்றாண்டு ஊர்க்குத்தகையும் அதன்பின் பத்தாண்டுக் குத்தகையும் முயன்று பார்க்கப்பட்டன. அவை எதிர்பார்த்த பயனைத் தராததாலும், பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடுடன் பணியாற்றிய தாமஸ் மன்றோ விடாது வலியுறுத்தியதாலும், 1820-இல் மன்றோ ஆளுநரானபின் ரயத்துவாரி மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. ரயத்துவாரி என்பது அரசு, இடைத்தரகர் எவருமின்றி ஒவ்வொரு நிலவுடைமையாளருக்கும் தனித்தனியே பட்டா வழங்கி, வயல்வாரியாகத் தீர்வை விதிக்கும் முறை. தீர்வை ரொக்கமாகவும் நிலையான வீதத்திலும் விதிக்கப்பட்டதால், வாரமுறையில் அரசும் உழவரும் பகிர்ந்துகொண்டிருந்த மழை இடர் இப்போது பெரும்பாலும் உழவர் தலையில் விழுந்தது. இந்த மாற்றத்தை ஓரளவேனும் ஈடுகட்டும் வழியாகவே ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி முதன்மை பெற்றது.

அதன் அடித்தளம் ஊர்க்கணக்கு. கணக்குப்பிள்ளை என்னும் கர்ணம், மாதந்தோறும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பதை அடங்கலில் பதிந்தார். ஒவ்வொரு பட்டாதாரரின் நிலத்தையும் தீர்வையையும் சிட்டா காட்டியது. வசூலுக்கு மணியக்காரரும், காவலுக்குத் தலையாரியும், ஏரிநீரை வயலுக்குத் திறந்துவிட நீர்க்கட்டியும் இருந்தனர். பசலி முடிவில் இக்கணக்குகள் அனைத்தும் மேலதிகாரியின் முன் வைக்கப்பட்டன. நஞ்சையில் பயிர் மணிபிடிக்காமல் சாவியாகிப் போயிருந்தால், அல்லது ஏரிக்கு நீரே வராமல் நிலம் தரிசாகக் கிடந்திருந்தால், தீர்வை தள்ளுபடி செய்யப்பட்டது. அரசின் நீரைப் பயன்படுத்தி இரண்டாம் போகம் விளைவித்திருந்தால் கூடுதல் தீர்வை சேர்க்கப்பட்டது. புறம்போக்கில் பயிரிட்டவருக்கும் ஏரியின் நீர்ப்பிடிப்பில் உழுதவருக்கும் தண்டத் தீர்வை விதிக்கப்பட்டது. 1858-இல் நிலஅளவைக்கும் நிலவரித் திட்டத்துக்கும் தனித்துறைகள் அமைந்து, வயல்கள் அளந்து தரம் பிரிக்கப்பட்டபின், தீர்வையை ஆண்டுதோறும் புதிதாக நிர்ணயிக்க வேண்டிய தேவை குறைந்தது. ஜமாபந்தி படிப்படியாகக் கணக்குத் தணிக்கையாக உருமாறியது.

இம்முறையின் வலிமை, ஊரில் நேர்ந்த இழப்பு தாளில் ஏறி, அந்தத் தாள் அரசின் கோரிக்கைத் தொகையை உண்மையிலேயே குறைக்க வழி இருந்தது என்பதே. அதன் பலவீனமும் அங்கேயே பிறந்தது. சாவியைச் சாவி என எழுதும் அதிகாரம் கர்ணத்தின் எழுதுகோலில் இருந்ததால், செல்வாக்குள்ளவர் வயலில் நல்ல பயிரும் சாவியாகவும், எளியவர் வயலில் காய்ந்த பயிரும் விளைச்சலாகவும் மாறும் வாய்ப்பு எப்போதும் இருந்தது.

கோரிக்கை இலக்கான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் விலைவாசி வீழ்ந்திருந்தும் தீர்வை வீதங்கள் உயர்ந்தே நின்றதால், வசூலிக்க வேண்டிய தொகையே அதிகாரிகளின் திறமைக்கு அளவுகோலாயிற்று. கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலானோர் நடத்திய சென்னை மக்கள் சங்கம் 1852-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. வரி நிலுவைக்காகக் குடிகள் துன்புறுத்தப்படும் செய்தி அங்கே எழுப்பிய அதிர்ச்சியின் விளைவாக ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துதல் முதலிய கொடுமைகள் வரி வசூலுக்குப் பரவலாகக் கையாளப்பட்டதை ஆணையம் உறுதிசெய்தது.

இவ்வறிக்கை கொடுமையைக் கீழ்நிலை ஊழியரின் குற்றமாகவே பெரிதும் கண்டது. ஆனால் அக்குற்றத்துக்குக் களம் அமைத்தது மேற்பார்வையின் அமைப்பே. ஆட்சியர் அலுவலகத்தில் வசூல் விவரம் தவணைதோறும் வந்து சேர்ந்தது. அதைப் பெற என்ன செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்கும் பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை. கோரிக்கை நிறைவேறியதா என்பது மட்டும் அளக்கப்பட்டபோது, மேலே செல்லும் எண்கள் சரியாகவும் கீழே வாழ்க்கை சீர்குலைந்தும் இருக்க முடிந்தது.

பஞ்சமும் ஏரிக் குறிப்பேடும்

1876 முதல் 1878 வரை மாகாணத்தின் பெரும்பகுதியை வாட்டிய தாது வருடப் பஞ்சம், வருவாய்க் கணக்கால் பசியைக் காண முடியாது என்பதை நிறுவியது. நிவாரண வேலைகளில் நாட்கூலியை இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்தபோது, மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், முகாம்களில் திரட்டிய உடல்மெலிவு, இறப்பு விவரங்களைக் காட்டி அதனை எதிர்த்தார். செலவைச் சிக்கனப்படுத்துவதைக் குறியாகக் கொண்ட கணக்கும், உயிரிழப்பைக் குறியாகக் கொண்ட கணக்கும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி அது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சியின் தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-இல் அளித்த அறிக்கையையொட்டி உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், மழைக்குறைவு, தானிய விலையேற்றம், கடன் கிடைக்காமை, ஊர்விட்டு ஊர் அலைவோர் பெருக்கம், சிறு திருட்டுகளின் அதிகரிப்பு முதலியவற்றை முன்னறிகுறிகளாகப் பட்டியலிட்டன. ஐயம் எழும் இடத்தில் குறைந்த கூலியில் சோதனைப் பணிகளைத் திறந்து, எத்தனை பேர் வருகின்றனர் என்பதைக்கொண்டு துயரின் அளவைக் கணிக்கவும் அவை வழிசெய்தன. இடர் நேர்ந்தபின் தள்ளுபடி வழங்கிய ஜமாபந்தியின் அருகில், இடர் நேருமுன் அதனை அறியும் ஏற்பாடு முதன்முறையாக விதிவடிவில் இடம்பெற்றது.

செஞ்சி போன்ற ஏரிப்பாசன வட்டாரத்துக்கு இதைவிட நேரடியான பொருளுடையது, 1883-இல் மாகாண அரசு தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம். ஒவ்வோர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு, கரையின் உயரம், கலங்கலின் நீளம், மதகுகளின் அளவு, ஆயக்கட்டு என்னும் பாசனப் பரப்பு ஆகியவற்றை அளந்து ஏரிக் குறிப்பேடுகளில் பதிந்து, பழுதுபார்ப்புக்கான அளவீடுகளை வகுப்பது அதன் பணி. குடிகளே உழைப்பால் கால்வாயைத் தூர்வாரி மதகைப் பேணும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்து, கரை உடையும் அவசரக் காலங்களில் உழைப்பைக் கட்டாயமாக்க 1858-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்த சூழலில், இக்குறிப்பேடுகள் நீர்நிலையின் நலத்தைத் தனியே பதிவுசெய்தன. ஆனால் வருவாய்த்துறை தீர்வையைக் கவனிக்க, பொதுப்பணித்துறை கரையைக் கவனிக்க, தூர்ந்துவரும் ஏரியும் குறையும் தீர்வையும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பது இரு அலுவலகங்களுக்கிடையே நழுவிப்போவதும் அப்போதே தொடங்கிற்று.

விலை என்னும் புதிய இடர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் ஆர்க்காட்டுப் புஞ்சைகளில் நிலக்கடலை பெருகிப் பரவியது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக மார்செய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலை ஏற்றுமதியானதால், செஞ்சியின் மானாவாரி உழவர் பிரான்சின் தேவையோடு பிணைக்கப்பட்டார். உள்ளூர் விதையின் தரம் கெட்டு விளைச்சல் சரிந்தபோது மொரிஷியசிலிருந்து வந்த விதை பரவியதும், 1905-இல் பாலூரில் வேளாண் ஆய்வுப் பண்ணை நிறுவப்பட்டதும், பின்னாளில் திண்டிவனம் ஆய்வுநிலையம் தன் ஊர்ப்பெயரின் சுருக்கத்தைத் தாங்கிய கடலை இரகங்களை வெளியிட்டதும் இவ்வளர்ச்சியின் தொடர்கள்.

அடங்கல் கடலையின் பரப்பைத் துல்லியமாகக் காட்டியது. சாவியான பயிரையும் காட்டியது. நன்றாக விளைந்தும் விலைபோகாத பயிரைக் காட்ட அதில் இடமில்லை. 1929-க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலைகள் சரிந்தபோது, ஜமாபந்திக் கணக்கில் முழு விளைச்சல் பெற்றவராகத் தோன்றிய உழவர், ரொக்கத் தீர்வையையும் வட்டியையும் கட்ட இயலாதவராக நின்றார். இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் வேறு திசைகளிலிருந்து வந்தன. 1933-ஆம் ஆண்டின் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் எடையையும் தரகையும் விலையறிவிப்பையும் மேற்பார்வையிடும் சந்தைக் குழுக்களுக்கு வழிவகுத்தது; இராஜாஜி அமைச்சரவை 1938-இல் இயற்றிய உழவர் கடன் நிவாரணச் சட்டம் வட்டிச்சுமையைக் குறைத்தது. இன்று நெல் மூட்டைகள் குவியும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் அந்தச் சட்ட மரபின் வழிவந்ததே.

வருவாய்க் கணக்குக்கு வெளியேயிருந்து ஊரை அளக்கும் முயற்சியும் இம்மாவட்டத்தில் வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தொடங்கிய கிராம ஆய்வுகளில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. அவ்வூர் 1936-இலும் 1981-இலும் 2008-இலும் மீண்டும் ஆராயப்பட்டதால், நிலம் யாரிடமிருந்து யாருக்கு மாறியது, கூலித்தொழிலாளர் நிலை எவ்வாறு மாறியது என்பவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ச்சியாகத் தெரியவருகின்றன. பட்டா இல்லாதவர் ஊர்க்கணக்கில் தீர்வையாளராக இடம்பெறாததால், நிலமற்ற கூலியாளர் வாழ்வைப் பற்றி நூற்றைம்பது ஆண்டு ஜமாபந்திகள் சொல்லாதவற்றை இவ்வாய்வுகள் சொல்லின.

திட்டங்களின் காலம்

விடுதலைக்குப் பின் அரசின் நோக்கம் வரி பெறுவதிலிருந்து வளர்ச்சியை உருவாக்குவதாக மாறியது. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட அதே ஆண்டில், அதனை நடத்துவோரிடமிருந்து விலகி நின்று மதிப்பிடத் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்றும் நடுவண் அரசால் நிறுவப்பட்டது. நடத்துபவரே தம் வெற்றியைத் தாமே அறிக்கையிடுவது போதாது என்னும் தெளிவு அதில் இருந்தது. 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் வழி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்கள் பள்ளி, சாலை, குடிநீர், சிறுபாசனம் முதலிய பணிகளின் களங்களாயின. சங்கராபரணியின் குறுக்கே 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை புதுச்சேரி நிலங்களுக்கும் நீர் வழங்கியதால், இவ்வட்டாரத்தின் நீர்க்கணக்கு இரு ஆட்சிப்பகுதிகளுக்கும் பொதுவாயிற்று. நாற்பது எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஒன்றியங்களிடமும் பெரியவை பொதுப்பணித்துறையிடமும் எனப் பிரிந்ததால், ஒரே வாய்க்கால் தொடரில் மேலேரிக்கும் கீழேரிக்கும் வெவ்வேறு பொறுப்பாளர் அமைந்தனர்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரும்பாலும் வழிவழியாக வந்த பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதனை உறுதிசெய்தது. சாதியாலும் குடும்பத்தாலும் கணக்கின் மீது சிலர் கொண்டிருந்த பிடி தளர்ந்து, தேர்வால் நியமிக்கப்பெறும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சமூக நீதியில் இது பெரிய முன்னேற்றம். அதேவேளை மாறுதலுக்குரிய ஓர் அலுவலர், பல பணிகளுக்கிடையே ஒவ்வொரு வயலையும் நேரில் பார்த்து அடங்கல் எழுதுவது அரிதாயிற்று. ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் பரவியபின், பயிரின் இடர் ஏரியின் நீர்மட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீர்மட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய அடங்கலின் பத்திகள் அந்த ஆழத்தை அளக்க வகுக்கப்பட்டவையல்ல. உலக வங்கிக் கடனுதவியுடன் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் வருவாய் எல்லைகளை விட்டு ஆற்று உபவடிநிலங்களை அலகாகக் கொண்டதும், வராக நதி எனவும் வழங்கும் சங்கராபரணியின் வடிநிலத்தை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்ததும், சிதறிப்போன கண்காணிப்பை நீரின் வழியே மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகளே.

ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயம் என்னும் அலுவல்பெயரில் இன்றும் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறுகிறது. குறுவட்டம் வாரியாக ஊர்க்கணக்குகள் பார்வையிடப்படுகின்றன. நிலஅளவைச் சங்கிலி முதலான கருவிகள் சரிபார்க்கப்படுகின்றன. நிறைவுநாளில் குடிகள் மாநாடு கூடுகிறது. நிலவரி அரசின் வருவாயில் மிகச்சிறு பங்காகிவிட்ட நிலையில், அங்கே வருவோரில் பெரும்பாலோர் தீர்வைத் தள்ளுபடி கேட்டு வருவதில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, ஆக்கிரமிப்பு அகற்றல் ஆகியவற்றுக்கான மனுக்களுடன் வருகின்றனர். கணக்கைத் தணிக்கை செய்யப் பிறந்த நாள், குறையைக் கேட்கும் நாளாக மாறியிருக்கிறது.

2025 ஜூலையில் இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில், மகாராட்டிரத்துக்கு வெளியே அமைந்த ஒரே கோட்டையாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும், இவ்வட்டாரத்துக்குச் சுற்றுலா சார்ந்த ஒரு புதிய வளர்ச்சித் திட்டமும், அதனோடு யுனெஸ்கோவுக்குப் பருவந்தோறும் அறிக்கையளிக்கும் ஒரு புதிய கடமையும் வந்து சேர்ந்துள்ளன. வருகையாளர் எண்ணிக்கையும் நுழைவுக்கட்டணமும் இங்கே எளிதில் எண்ணக்கூடியவை. அன்றைய தீர்வை வசூலும் அவ்வாறே எளிதில் எண்ணப்பட்டது. குளங்களின் நீர்வரத்து, சுவர்களின் பழுது, அடிவாரக் குடியிருப்பின் நெருக்கடி ஆகியவை அதே அறிக்கையில் ஏற வேண்டும். அவ்வாறு ஏறும் ஒவ்வொரு குறையும், சாவி என்று எழுதிய வரி தீர்வையைக் குறைத்ததுபோல, திட்டத்தின் செலவையும் வேகத்தையும் மாற்றும் அதிகாரம் பெற வேண்டும். அந்த அதிகாரம் இருந்த ஆண்டுகளில் ஜமாபந்தி குடிகளுக்குக் காப்பாக நின்றது. அது இல்லாத ஆண்டுகளில் வசூலின் எண்கள் நிறைந்திருக்கக் குடிகள் மெலிந்தனர் என்பதே செஞ்சியின் கணக்கேடுகள் தரும் முடிவு.